கட்டுப் போடும் அறைக் கதவில் ஒரு போர்டு

என் மகனை நீங்கள் பதினோரு நாள் தனியாக வலி தாங்க விட்டீர்கள்.

மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி அவர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். டாக்டரைச் சொல்லவில்லை. அவர் என் மகனின் காலைக் காப்பாற்றினார். நர்சுகளையும் சொல்லவில்லை. அவர்கள் நின்றபடியே டீ குடிக்கிறவர்கள். உங்கள் இரண்டாவது மாடியில், பிள்ளைகள் வார்டின் கோடியில், கட்டுப் போடும் அறை இருக்கிறது. அதன் கதவில் நீல எழுத்தில் ஒரு போர்டு தொங்குகிறது. ‘பெற்றோர், உறவினர் உள்ளே வரக்கூடாது.’ ஏன் வரக்கூடாது என்று நான் கேட்ட யாருக்கும் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியவில்லை.

மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும். மற்றவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். யார் மேலாவது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று தோன்றினால் என் மேல் எடுங்கள்.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்கிறேன். வண்டிகளுக்கான தகடுகளை அச்சில் அழுத்தி எடுக்கும் பிரஸ் ஷாப். ஒன்பது வருஷமாக அங்கேதான். என் கணவர் தேவராஜ் அத்திப்பட்டில் காண்ட்ராக்ட் ஃபிட்டர். பெரியவன் ஜோயலுக்கு நாலரை வயது. சின்னவள் ஜெசிக்கு ஏழு மாதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜோயல் நொண்டினான். அன்று சாயங்காலமே காய்ச்சல். எங்கேயோ விழுந்திருப்பான் என்று நினைத்தோம். மாமியார் ஊர் ஆர்.கே.பேட்டை பக்கம். அங்கே எலும்பு கட்டுகிறவர் ஒருவரிடம் கூட்டிப் போனார்கள். இலைச்சாறு தடவி, மூங்கில் தப்பை வைத்து, இறுகக் கட்டி அனுப்பினார். எங்கள் பக்கத்தில் பிள்ளை நொண்டினால் முதலில் கட்டு, பிறகுதான் ஆஸ்பத்திரி. காய்ச்சல் இருக்கிறதே என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மூன்று நாள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது முழங்காலுக்குக் கீழே வீங்கி, சிவந்து, தோல் பளபளவென்று இருந்தது. தொடவே விடவில்லை. இந்தத் தப்பு எங்களுடையது.

உங்கள் டாக்டர் அரை மணி நேரம் பொறுமையாகச் சொன்னார். “இது விழுந்து ஒடிஞ்ச கால் இல்லம்மா. எலும்புக்குள்ள சீழ் பிடிச்சிருக்கு.” எங்கேயோ ஒரு சின்னப் புண்ணில், தொண்டையில், கிருமி இருந்திருக்கும். அது ரத்தத்தோடு போய் எலும்பின் முனையில் தங்கிவிடும். பிள்ளைகளின் எலும்பு வளர்வது அந்த முனையில்தான். அதனால் அங்கே ரத்த ஓட்டம் அதிகம். முதல் சில நாட்களில் எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியாதாம். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பெரிய காந்தக் குழாய்க்குள் படுக்க வைத்து உள்ளே இருப்பதைப் படம் பிடிக்கும் சோதனை. பிள்ளை அசையக்கூடாது என்று மயக்க மருந்து கொடுத்தார்கள். மறுநாள் ஆபரேஷன். எலும்பில் சின்ன ஓட்டை போட்டுச் சீழை வெளியே எடுத்தார்கள். காயத்தை முழுதாகத் தைக்கவில்லை. மிச்சம் இருப்பது வடிய வேண்டும் என்று திறந்து விட்டு, உள்ளே மருந்துத் துணி வைத்தார்கள். அதைத் தினமும் மாற்ற வேண்டும். கூடவே ரத்தக் குழாய் வழியாக மருந்து, வாரக் கணக்கில். ஜெசியை மாமியாரிடம் விட்டுவிட்டு நான் அவனோடு வார்டில் தங்கினேன்.

பில்லைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள்.

முதல் நாள் கட்டு மாற்றக் கூப்பிட்டபோது சாந்தி சிஸ்டர் என் காதோடு சொன்னார். “இன்னான்னு சொல்லாதீங்க. சொன்னா இங்கிருந்தே அழுதுகினு வருவான். வேற எதுனா சொல்லிக் கூட்டியாங்க.”

கீழே வரவேற்பறையில் ஒரு மீன் தொட்டி இருந்தது. வந்த அன்று ஜோயல் அதன் முன்னாலேயே நின்றான். நான் சொன்னேன், “வாடா, மீன் பாக்கப் போலாம்.”

சக்கர நாற்காலியில் சிரித்துக்கொண்டு வந்தான். லிஃப்ட் பக்கம் போகாமல் நாற்காலி இடது பக்கம் திரும்பியதும் என்னைப் பார்த்தான். அந்தக் கதவு வந்தது. கனமான கதவு. ஆயா இரண்டு கையாலும் தள்ளித்தான் திறந்தார். மேலே பல்பு இல்லாத ஒரு சிவப்புக் கூடு. நான் உள்ளே கால் வைத்தேன். சாந்தி சிஸ்டர் போர்டைக் காட்டினார். கதவு மூடியது.

அவன் கத்தியது கேட்டது. “அம்மா” என்று கத்தவில்லை. “மீனு, மீனு” என்று கத்தினான். நான் ஏமாற்றிவிட்டேன் என்று அவனுக்குப் புரியவில்லை. உள்ளே இருக்கிறவர்கள்தான் தப்பான இடத்துக்குக் கூட்டி வந்துவிட்டார்கள் என்று நினைத்து, சரியான இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு புரிந்திருக்க வேண்டும். சத்தம் நின்றது.

அன்று சாயங்காலம் மனசு கேட்காமல் நிஜமாகவே மீன் தொட்டிக்குத் தூக்கிப் போனேன். லிஃப்ட் திறந்து தொட்டி கண்ணில் பட்டதும் என் தோளைக் கடித்துவிட்டான். “மீன் வேணாம், மீன் வேணாம்.” அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு பேசுவதை நிறுத்தினான். ஒன்றுக்கு வந்தால்கூடச் சொல்லவில்லை. படுக்கையிலேயே போனான். ரவுண்ட்ஸில் டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். காய்ச்சல் இறங்குகிறது, அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தச் சோதனை நன்றாக இருக்கிறது, எல்லாம் சரி என்றார்.

எங்கள் ஷாப்பில் மெஷின் ஓடும் சத்தம் மாறினால், மீட்டர் சரியாகக் காட்டினாலும், நிறுத்திவிட்டுப் பார்ப்போம். நானும் பார்க்க ஆரம்பித்தேன். என் மகனை மட்டும் அல்ல. வார்டில் இருந்த எல்லாப் பிள்ளைகளையும்.

பக்கத்துப் படுக்கையில் பத்து மாதக் குழந்தை நிஷா. நுரையீரலில் சளிக் காய்ச்சல். அவள் அம்மா கவிதா, வேப்பம்பட்டு. புருஷன் ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போய்விடுவார். கவிதா பாத்ரூம் போகக்கூட முடியாது. நகர்ந்தாலே குழந்தை நீலம் பாயும் அளவுக்குக் கத்தும். “தூக்கித் தூக்கியே பழக்கி வச்சிருக்கீங்க” என்று ஒரு நர்சு திட்டினார். எனக்கு ஒரு விஷயம் விநோதமாக இருந்தது. அந்தக் குழந்தை ஆயாவிடம் போகிறது. டீக்காரரைப் பார்த்துச் சிரிக்கிறது. நர்சு வந்தால் மட்டும் அலறுகிறது. ஊசி கையில் இல்லாவிட்டாலும் அலறுகிறது. இரண்டு நாள் பார்த்த பிறகுதான் புரிந்தது. முகக்கவசம். மூக்கும் வாயும் இல்லாத முகம் குனிந்து வருகிறது. நான் சாந்தி சிஸ்டரிடம் சொன்னேன். “சிஸ்டர், வாசப்படிலயே நின்னு ஒரு தபா மாஸ்க்க எறக்கி மூஞ்சியக் காட்டிட்டு, அப்புறம் மாட்டிகினு கிட்ட வாங்களேன்.”

“நீ டாக்டருக்குப் படிச்சிகினு வந்தியா?” என்றார். ஆனால் செய்தார். குழந்தை அழுதது, ஊசி போட்டபோது மட்டும். கவிதா தான் இரவு உடுத்திய நைட்டியைக் குழந்தைக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்துவிட்டுப் பாத்ரூம் போய் வந்தாள். குழந்தை அந்த நைட்டியில் மூக்கை வைத்துக்கொண்டு சும்மா கிடந்தது. பத்து மாதத்துக்கு அம்மா என்றால் முகம், வாசனை. அவ்வளவுதான் வேண்டும். அதைத்தான் நாம் எடுத்துவிடுகிறோம்.

எதிர்ப் படுக்கையில் யாழினி, ஒன்பது வயது. சிறுநீரில் புரதம் கசிந்து போகும் நோய். முகமும் காலும் உப்பி இருந்தாள். தினமும் காலையில் சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்து, நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். நாலு நாளில் அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். நோட்டில் கட்டம் போட்டு, பச்சை வந்தால் பச்சை ஸ்கெட்ச், மஞ்சள் வந்தால் மஞ்சள். யார் வந்தாலும் “இன்னாத்துக்கு?” என்பாள். “இந்த மாத்திர இன்னாத்துக்கு? உப்பு இன்னாத்துக்குப் போடக்கூடாது?” பதில் சொன்னால் கையை நீட்டிவிடுவாள். சொல்லாவிட்டால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். அவள் அப்பா நெற்றியில் அடித்துக்கொள்வார். “இதுகூட ஒரே பேஜாரு சிஸ்டர், நீங்க குத்துங்க.” நான் அப்படி நினைக்கவில்லை. எங்கள் ஷாப்பில் புதிதாக வரும் பெண்களில் கேள்வி கேட்கிறவள் மெஷினில் கையைக் கொடுத்ததில்லை.

கோடியில் பிரவீன், பதின்மூன்று வயது. ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் பயிரிடும் குடும்பம். குடல்வால் வெடித்து ஆபரேஷன் ஆனவன். சிறுநீருக்குக் குழாய் வைத்திருந்தது. சுற்றிலும் அம்மாக்கள், சின்னப் பெண் பிள்ளைகள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்தவன் திரும்பவே இல்லை. சாப்பிடச் சொன்னால் போர்வையை முகத்துக்கு மேல் இழுப்பான். “திமிரு புடிச்ச பையன்” என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். ஒரு நாள் நர்சு வந்து குழாயைப் பார்க்கப் போர்வையைத் தூக்கியபோது அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டதைப் பார்த்தேன். எனக்கே வெட்கமாகிவிட்டது. மருந்து பாட்டில் தொங்கவிடும் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் என் பெட்ஷீட்டைக் கட்டினேன். ஒரு திரைக்கு உங்கள் மருத்துவமனையில் பஞ்சமா? அரை மணி கழித்து அந்தப் பக்கம் இருந்து குரல் வந்தது. “தேங்க்ஸ் ஆன்ட்டி.” அன்று மத்தியானம் தயிர் சாதத்தை முழுதாகச் சாப்பிட்டான்.

அவன் பயம் என்ன தெரியுமா? வலி இல்லை. அவன் கிளாஸ் பையன்கள் பார்க்க வரப் போகிறார்கள் என்று அவன் அப்பா சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் குழாயை எடுத்துவிடுவார்களா என்பதுதான். அதை அப்பாவிடம் கேட்க முடியாது. டாக்டர் அவனிடம் பேசுவதில்லை, அப்பாவிடம்தான் பேசுகிறார். நான் டாக்டரிடம், “சார், அவன்கிட்ட ரெண்டு நிமிஷம் தனியா பேசுங்க” என்றேன். பேசினார். மறுநாள் காலையில் குழாய் எடுத்தாயிற்று. எடுக்கும் நாள் எப்படியும் வந்திருந்ததாம். அதை அவனிடம் சொல்லத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

இத்தனையும் பார்த்தவளுக்குத் தன் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. அதைச் சொன்னது யாழினி.

நாலாம் நாள். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு ஜோயல் படுக்கைக்கு வந்தாள். வார்டில் எல்லோருக்கும் என்ன நோய் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அங்கேயே சுவரோரம் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை.

“டேய் ஜோயலு, உன் காலுக்கு இன்னா ஆச்சு?”

யாழினி ஸ்கெட்சின் மூடியைத் திறந்தாள்.

“சொல்றா. எழுதணும்.”

“ஒதைச்சேன்.”

மூன்று நாளைக்குப் பிறகு அவன் குரலைக் கேட்டேன். டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

“யார ஒதைச்ச?”

“பாப்பாவ.”

“அதுக்கு?”

“காலு அழுவிப் போச்சு.”

அதற்கு முந்தின மாதம் ஏணையில் கிடந்த ஜெசியை அவன் எட்டி உதைத்தான். பொறாமை. நான் முதுகில் ஒன்று வைத்து, “பாப்பாவ ஒதைச்ச காலு அழுவிப் போயிடும் பாரு” என்றேன். எங்கள் பக்கத்தில் இதைச் சொல்லாத அம்மா கிடையாது. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை சொல்லியிருப்பேன். இப்போது அவன் கால் நிஜமாகவே அழுகி, சீழ் வந்து, ஒரு அறைக்குள் கொண்டுபோய்க் குத்துகிறார்கள். அம்மா வெளியே நிற்கிறாள். அம்மா சொன்னபடியே நடக்கிறது. அவன் எதற்காக அழ வேண்டும்? யாரிடம் சொல்ல வேண்டும்?

யாழினி எழுதுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். “லூசு. கிருமிடா. ஒதைச்சா கிருமி வராது. அப்டி வரும்னா எங்க ஸ்கூல்ல ஒருத்தனுக்கும் காலே இருக்காது.” பிறகு என்னிடம் திரும்பினாள். “ஆன்ட்டி, நீ இவன்கிட்ட மீனுன்னு பொய் சொன்ன இல்ல? இப்ப நீ கிருமின்னு சொன்னா நம்புவானா?”

நம்பவில்லை. கட்டிப் பிடித்து, அம்மா சும்மா சொன்னேன்டா, தப்பு என் மேல்தான் என்று பத்துத் தடவை சொன்னேன். தலையை ஆட்டினான். மறுநாள் அந்த அறைக் கதவு மூடியதும் உள்ளே இருந்து சத்தமே வரவில்லை. கத்தினால்கூடத் தேவலை என்று இருந்தது.

என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. தினமும் ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன் எல்லோரும் ஐந்து நிமிஷம் நிற்போம். இன்றைக்கு என்ன வேலை, எங்கே அடிபடும், அடிபட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்வார். அப்புறம்தான் மெஷினைத் தொடலாம். இதை ஜோயலுக்குச் செய்து பார்த்தேன். முதல் தடவை கெடுத்துவிட்டேன். முந்தின நாள் சாயங்காலமே, நாளைக்கு இப்படி இப்படி செய்வார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். தூங்கவே இல்லை. சாப்பிட்டதை வாந்தி எடுத்தான். அவனுக்கு ‘நாளைக்கு’ என்றால் எப்போது என்றே தெரியாது. அடுத்த நிமிஷமும் நாளைதான், அடுத்த மாதமும் நாளைதான். யாழினிக்கு முந்தின நாளே தெரிய வேண்டும். அவள் கேள்விகளைத் தயார் செய்ய வேண்டும். ஜோயலுக்கு, காலை நாஷ்டா வண்டி வந்து போன பிறகு, அறைக்குப் போக ஐந்து நிமிஷம் இருக்கும்போது, நாலே வாக்கியம் போதும். துணியை எடுப்பாங்க. வலிக்கும். புதுத் துணி வைப்பாங்க. முடிஞ்சதும் அப்பா தெரிவாரு.

அப்பா தெரிவது நிஜம். தேவராஜ் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து, குளிக்காமல் கொள்ளாமல் பஸ் மாறி வந்து, மருத்துவமனைக்கு எதிரே டீக்கடை ஓரம் மஞ்சள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு நிற்பார். வார்டில் ஒரு பிள்ளையோடு ஒருவர்தான் தங்கலாம், இன்னொருவரைச் சாயங்காலம்தான் விடுவார்கள். ஜன்னலில் இருந்து பார்த்தால் ரோட்டில் எத்தனை பேர் இருந்தாலும் அந்த மஞ்சள் தெரியும். டீக்கடைக்காரர் கேட்டாராம், “இன்னா நைனா, எங்க கடை இடிஞ்சி உய்ந்துடும்னு பயமா?”

ஐந்து நிமிஷப் பேச்சு உதவியது. ஆனால் கதவு வரைக்கும்தான். உள்ளே அவன் தனியாக, தன் காலை அவனே பார்க்கிற அந்த நேரத்தில்தான் நான் இருக்க வேண்டும். அப்போதுதான் அது தண்டனை இல்லை என்று காட்ட முடியும். எனவே கேட்க ஆரம்பித்தேன். யார் இந்த போர்டை வைத்தது? ஏன்?

சாந்தி சிஸ்டர், “டாக்டருங்க சொன்னதா இருக்கும்” என்றார். டாக்டர், “அது நர்சிங் சைடும்மா” என்றார். வார்டு இன்சார்ஜ், “நான் வர்றதுக்கு முன்னாடியே இருக்குது” என்றார். உங்கள் அறைக்கு வந்தேன். ஞாபகம் இருக்கும். நீங்கள் நாற்காலியைக் காட்டினீர்கள், நான் உட்காரவில்லை. “ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கும்மா. உள்ள வந்தா கிருமி பரவும்” என்றீர்கள். ரோட்டில் உருண்ட சக்கர நாற்காலி உள்ளே போகிறதே, நான் கை கழுவி மேலங்கி போட்டுக்கொண்டு வந்தால் என்ன என்றேன். “சில அம்மாங்க மயங்கி விழுந்துடுவாங்க” என்றீர்கள். நான் விழ மாட்டேன் என்றேன். “எழுதிக் குடுங்க, பாக்கலாம்” என்றீர்கள். எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் ஷாப்பில் சுவரில் ஒரு போர்டு இருந்தால் அதன் கீழே யார் போட்டது, எப்போது, எதற்காக என்று இருக்கும். கையெழுத்து இல்லாத போர்டு வெறும் தகரம்.

பதினோராம் நாள், வார்டில் ஃபேன் ரிப்பேர் பார்க்க எலக்ட்ரீஷியன் வந்தார். வயதானவர். முனுசாமி அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏணி பிடிக்க ஆள் இல்லை, நான் பிடித்தேன். எல்லோரையும் கேட்ட கேள்வியை அவரையும் கேட்டேன்.

“அந்த போர்டா?” என்றார் மேலே இருந்தபடியே. “அது இன்னாத்துக்கு இன்னும் கீது? அது பழைய எக்ஸ்ரே ரூமும்மா.”

நான் ஏணியை விட்டுவிட்டேன். “ஏம்மா, புடிம்மா, நானும் அட்மிட் ஆவணுமா?” என்று கத்தினார்.

கதவு ஏன் அவ்வளவு கனம்? கதிர் வெளியே வராமல் இருக்க உள்ளே ஈயத் தகடு. அந்தச் சிவப்புக் கூடு? படம் எடுக்கும்போது எரிகிற விளக்கு. பெற்றோர் ஏன் வரக்கூடாது? தேவையில்லாமல் அவர்கள் மேல் கதிர் படக்கூடாது என்பதற்காக. பல வருஷம் முன்னால் எக்ஸ்ரே மெஷினைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோனார்கள். அறையில் மேஜை போட்டுக் கட்டுப் போட ஆரம்பித்தார்கள். பல்பைக் கழற்றினார்கள். போர்டைக் கழற்றவில்லை.

இல்லாத ஒரு மெஷினிடமிருந்து என்னைக் காப்பாற்ற, பதினோரு நாள் என் பிள்ளையை என்னிடமிருந்து பிரித்தீர்கள். ஜோயலுக்கு முன்னால் எத்தனை பிள்ளைகள்?

சாந்தி சிஸ்டரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “அஞ்சு வருஷமா நானே கதவாண்ட நின்னு எத்தினி பேர நிறுத்தி வச்சிருக்கேன்” என்றார். “போர்ட நான் கழட்ட முடியாது. நாளைக்குக் கை கழுவிகினு ரெடியா இரு. டாக்டர்கிட்ட நான் கேட்டுக்கிறேன்.”

டாக்டர் ஒரே வார்த்தையில், “வரட்டுமே” என்றாராம். அம்மாவை உள்ளே விடலாமா என்று அவரை யாரும் இதுவரை கேட்டதில்லை.

பன்னிரண்டாம் நாள். மேலங்கி, தொப்பி, கையுறை. நாற்காலி கதவைத் தாண்டியதும் ஜோயல் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டான், நான் நின்றுவிடுவேன் என்று. நான் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியாது.

எங்கள் பிரஸ் மெஷினில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டு கையாலும் இரண்டையும் அழுத்தினால்தான் மேலே இருக்கும் இரும்பு இறங்கும். வேலை செய்கிறவளின் கை உள்ளே இருக்கும்போது அது இறங்கக்கூடாது என்பதற்காக. நான் ஜோயலிடம் சொன்னேன், “நீ ரெடின்னு சொன்னாத்தான் சிஸ்டர் துணிய எடுப்பாங்க.” சாந்தி சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே இன்னும் மூன்று பேர் காத்திருக்கிறார்கள். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வலி மருந்து கொடுத்து அரை மணி ஆகியிருந்தது. ஜோயல் என் கட்டைவிரலைப் பிடித்தான். விட்டான். பிடித்தான். நாலு நிமிஷம் ஆகியிருக்கும்.

“ரெடி.”

அழுதான். நன்றாகச் சத்தமாக, “அம்மா வலிக்குது, அம்மா” என்று அழுதான். பதினோரு நாளாகக் கேட்காத சத்தம். துணி வெளியே வந்த பிறகு காலை எட்டிப் பார்த்தான்.

“அம்மா, செவப்பா கீது.”

“ஆமாண்டா.”

“அழுவிப் போச்சா?”

சாந்தி சிஸ்டர் குனிந்தவர் நிமிர்ந்தார். “அழுவுனா கறுப்பா, பச்சையா இருக்கும். இது புதுச் சதைடா. உள்ளேர்ந்து வளந்துகினு வர்து. பாரு, நேத்து இருந்த பள்ளம் இன்னிக்கி இல்ல.”

அவன் ரொம்ப நேரம் பார்த்தான். “அப்ப பாப்பா காலு?”

“பாப்பா காலும் நல்லாத்தான் இருக்குது.”

“நான் ஒதைச்சேனே?”

“ஒதைக்கக் கூடாது. ஆனா ஒதைச்சதால இது வர்ல.”

தலையை ஆட்டினான். இந்தத் தடவை நம்பினான் என்று எனக்குத் தெரிந்தது. ஏனென்றால் உடனே அடுத்த கேள்வி வந்தது. “அப்ப எதுனால வந்துச்சு?” யாழினியின் வியாதி ஒட்டிக்கொண்டுவிட்டது. அன்று சாயங்காலம் ஒன்றுக்கு வருகிறது என்று வார்டே கேட்கக் கத்தினான். வார்டே சிரித்தது. பிரவீன் திரைக்குப் பின்னால் இருந்து, “டேய், மைக் வச்சுச் சொல்றா” என்றான்.

அதற்குப் பிறகு ஐந்து கட்டு. ஐந்துக்கும் நான் உள்ளே இருந்தேன். நாலு நிமிஷம் இரண்டாகி, கடைசி நாள் நாங்கள் மேஜைக்கு அருகே போகும் முன்பே “ரெடி” என்றான். வீட்டுக்கு வந்தோம். ஆறு வாரம் மாத்திரை. இப்போது லேசாக நொண்டுகிறான், அதுவும் போய்விடும் என்கிறார் டாக்டர். ஜெசியை இன்னும் சில சமயம் உதைக்கிறான். நான் காலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. முதுகில் வைப்பதோடு சரி. அதையும் விட வேண்டும் என்று தெரியும்.

இவ்வளவுதான் என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

போன வாரம் காலைக் காட்ட வந்தோம். இரண்டாவது மாடிக்கு, சாந்தி சிஸ்டரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். போர்டு இருந்தது. புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தது. எழுத்து முன்பைவிடப் பெரிது. நீலம் போய்ச் சிவப்பு. வெளியே ஒரு தாய் சுவரில் சாய்ந்து, துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஒரு பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. போர்டைப் பற்றி ஒரு கடிதம் வந்தது, அதனால் போர்டைக் கவனித்திருக்கிறீர்கள்.

ஜோயல் என் கையை இழுத்தான். “அம்மா, உள்ள யாரு? அவங்க அம்மா ஏன் வெளிய நிக்கிறாங்க?”

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். என்னைக் கூப்பிட்டு உங்கள் அறையில், நாற்காலி போட்டுச் சொல்ல வேண்டாம். கிருமிதான் காரணம் என்றால் அதை எழுதுங்கள். மயங்கி விழுவார்கள் என்றால் அதை எழுதுங்கள். அந்த போர்டுக்குக் கீழே, கதவிலேயே, எல்லோரும் படிக்கும்படி ஒட்டி, கீழே உங்கள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். காரணம் இல்லை என்றால் போர்டைக் கழற்றுங்கள். முனுசாமி அண்ணனிடம் ஏணி இருக்கிறது, பிடிக்க நான் வருகிறேன்.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை மறுபடியும் காலைக் காட்ட வருவோம். ஜோயலுக்கு இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாது. அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதை நான் அவனுக்கு உரக்கப் படித்துக் காட்டுவேன். நாலரை வயசுப் பிள்ளை கேட்டுவிட்டு “ஏன்?” என்று திருப்பிக் கேட்டால் தாங்கக்கூடிய பதிலாக எழுதுங்கள்.